நாகம் அடித்த இரும்பு

யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை ‘நாகம்’ என்று எழுதுகிற உலோகத்தை, பாக்கு நீரிணைக்கு அப்பால் அதே வகுப்பில் படிக்கும் பிள்ளை ‘துத்தநாகம்’ என்று எழுதுகிறது. இங்கே நாகசல்பேற்று, அங்கே துத்தநாக சல்பேட். அணுவெண் இரண்டு கரையிலும் 30தான். யாழ்ப்பாணத்தார் பாதிப் பெயரைக் கடலில் போட்டுவிட்டு மீதியோடு கரையேறிவிட்டார்கள் என்று யாராவது பகிடி பண்ணலாம். ஆனால் துத்தம், நாகம் என்ற இரண்டு பாதிகளுக்கும் தனித்தனி வழி உண்டு. அந்த வழிகளைப் பிடித்துக்கொண்டு போனால், இந்த உலோகம் நெடுங்காலம் கட்டியாக மனிதர் கையில் அகப்படாமல் மற்ற உலோகங்களின் மேல் படிந்த ஒரு படலமாகவே பெயர் பெற்றிருந்தது தெரியவரும். இன்றைக்கு உருக்கிய உலோகத்தை இரும்பின் மேல் விசிறும் தொழில்நுட்பத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று தலையைச் சொறிகிறவர்களுக்கும் இந்தப் பழங்கதையில் கொஞ்சம் பயன் உண்டு.

நாகத்திலிருந்து தொடங்குவோம். தமிழில் இது ஒரு பெரிய குடும்பத்துச் சொல். பாம்பு, யானை, மலை, வானம், மரம் என்று நிகண்டுக்காரர் அடுக்கிக்கொண்டே போவார்கள். அந்த வரிசையின் ஓரத்தில் உலோகமும் உட்கார்ந்திருக்கிறது. எந்த உலோகம் என்பதில்தான் சிக்கல். வடமொழி மருத்துவ நூல்களில் ‘நாக’ என்றால் காரீயம். ஆயுர்வேதத்தின் நாக பஸ்மம் ஈயத்தை நீற்றியது. நாம் பேசும் உலோகத்துக்கு அங்கே ‘யசத’ என்று வேறு பெயர். சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஈயத்துக்குக் காரீயம் என்ற பெயரே இருக்கிறது. மூலநோய்க்குக் கொடுக்கும் நாக பற்பம் இந்த நாகத்தில் செய்வது. ஆகவே நாக பஸ்மம், நாக பற்பம் என்று ஒரே சொல்லில் தொடங்கும் இரண்டு புட்டிகளில் முதலாவதில் இருப்பது ஈயம், இரண்டாவதில் இருப்பது நாகம். சித்த மருத்துவப் பட்டப்படிப்பு 1984 முதல் கைதடியில் நடந்துவருகிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று, நோயாளியின் உடம்போடு சம்பந்தப்பட்ட விடயம்.

ஆக, இலங்கைப் பாடநூலின் ‘நாகம்’ துத்தநாகத்தை வெட்டிச் சுருக்கியதால் வந்தது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. வைத்தியர் வாயில் அந்தப் பெயர் முன்னமே தனித்து நின்றது.

இடையில் ஒரு பொய்வழியையும் அடைத்துவிட வேண்டும். குடாநாட்டுக்கும் தீவுகளுக்கும் நாகதீபம், நாகநாடு என்ற பழம்பெயர் உண்டு. 1936 இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேட்டில் அந்தப் பெயர் பொறித்திருக்கிறது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் இருக்கிறாள். இதையெல்லாம் ஒரே கயிற்றில் கட்டி, நாகம் என்ற உலோகமே எங்கள் மண்ணின் பெயரால் வந்தது என்று எழுதிவிட ஆசை வரும். வேண்டாம். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. இங்கே நாகம் வெட்டியெடுத்ததற்கோ உருக்கியதற்கோ எந்தத் தடயமும் இல்லை. ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவாகாது.

இனித் துத்தம். வடமொழித் ‘துத்த’ முதலில் நீலநிற உப்பைக் குறித்தது. மயில்துத்தம் என்று நாம் சொல்வது அதுதான், துருசு என்பதும் அதுவே. அது செப்புச் சல்பேற்று. பால்துத்தம், வெள்ளைத்துத்தம் என்பவை நாகசல்பேற்று. இரண்டும் கண்மருந்தில் போனவை. நிறத்தைக் கொண்டு மயில் என்றும் பால் என்றும் பிரித்த மருந்துக்காரருக்கு, உள்ளே இருப்பது வேறுவேறு உலோகம் என்று அறிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இதே குரலில் அரபியிலும் பாரசீகத்திலும் ஒரு சொல் இருக்கிறது: தூத்தியா. அதுவும் கண்மருந்து. வடமொழியிலிருந்து அங்கே போனது என்பார் ஒரு சாரார். பாரசீகத்தில் புகையைக் குறிக்கும் ‘தூத்’ என்ற சொல்லில் பிறந்தது என்பார் இன்னொரு சாரார். எனக்கு இரண்டாவது விளக்கத்தின் மேல்தான் சாய்வு. காரணம், தூத்தியா செய்யப்பட்ட முறை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ பாரசீகத்தின் கெர்மான் பகுதியில் கூபனான் என்ற ஊரைக் கடந்தபோது அந்த வேலையைப் பற்றி விவரித்திருக்கிறார். குறிப்பிட்ட ஒரு மண்ணைக் கொண்டுவந்து, கனன்று எரியும் உலையில் போடுகிறார்கள். உலைக்கு மேலே இரும்புக் கம்பித் தட்டு. மண்ணிலிருந்து எழும் புகை அந்த இரும்பில் போய் ஒட்டிப் படிகிறது. அந்தப் படிவைச் சுரண்டி எடுத்தால் தூத்தியா. அடியில் மிஞ்சுவது கசடு. கண்ணுக்கு மிக நல்லது என்றும் சொல்லிவைத்தார்.

இரசாயனம் தெரிந்தவர் இதை வாசித்தால் சிரித்துக்கொள்வார். மண் என்பது நாகத்தின் தாது. கரி அதிலிருந்து ஒட்சிசனைப் பறிக்க ஏறத்தாழ 1000 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். ஆனால் நாகம் 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பிறந்த அந்தக் கணமே அது ஆவி. உலை வாயைத் தாண்டியதும் காற்றோடு சேர்ந்து வெள்ளை ஒட்சைட்டுப் புகை. குளிர்ந்த இரும்பைக் கண்டதும் படலம். செம்பும் ஈயமும் உருகி உலையடியில் தேங்கிக் கட்டியாகின்றன. நாகம் அப்படித் தேங்குவதில்லை. அதனால் அதை உலோகமென்று ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. கண்டது புகையை, பெயரிட்டதும் புகைக்கு. இரும்பின் மேல் நாகத்தைப் படியவைக்கும் கலை, நாகம் என்ற உலோகத்தை அறியும் முன்னரே, ஒருவரும் அப்படி நினைக்காமல், கூபனானின் இரும்புத் தட்டில் நடந்துகொண்டிருந்தது.

பித்தளையின் கதையும் இதுதான். செப்புத் துண்டுகளையும் நாகத் தாதுவையும் கரியையும் மூடிய மூசையில் வைத்துச் சுட்டால், எழும் நாக ஆவி செம்புக்குள் ஊறிப் பித்தளையாகும். வீட்டுச் சாமியறைக் குத்துவிளக்கில் பளபளக்கிற மஞ்சளின் பாதி ரகசியம் நாகம். பழைய கன்னார் அதைக் கட்டியாகக் கையில் எடுத்துப் பார்க்காமலே பித்தளை வார்த்திருக்கிறார்கள்.

அந்த ஆவியைப் பிடித்து உலோகமாக்கிக் காட்டியவர்கள் இராசத்தானில் உதயப்பூருக்கு அருகிலுள்ள சாவாரில் இருந்தவர்கள். அவர்கள் செய்த உபாயம் எளிமையானது, ஆனால் மகா கெட்டித்தனம். தாதுவை அடைத்த மண்மூசைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து, கழுத்தைக் கீழே நீட்டி, மேலே நெருப்பை மூட்டினார்கள். ஆவிக்குப் போக வேறு வழியில்லை. கீழே இறங்கிக் குளிர்ந்த அறையில் சொட்டியது. காற்றுப் படாததால் ஒட்சைட்டாகவில்லை. ஒரு உலையில் ஆறுக்கு ஆறாக 36 மூசைகள். இந்த மூசைக்கு இரசவாத நூலில் உள்ள பெயர் ‘விருந்தாக மூசை’. விருந்தாகம் என்றால் கத்தரிக்காய். பதினான்காம் நூற்றாண்டளவில் அங்கே உற்பத்தி பெருந்தொழிலாக நடந்திருக்கிறது. மலைச்சரிவில் இன்றைக்கும் வெந்துபோன கத்தரிக்காய் மூசைகள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. அந்தக் காலத்து ஊர்ச்சுவர்களைக்கூட அவற்றை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

துத்தமும் நாகமும் எந்த ஊரில், எந்த வாயில் ஒட்டிக்கொண்டன என்பதில் அறிஞர் ஒருமிக்கவில்லை. துத்தம் தரும் நாகம், அதாவது துத்த உப்புக்குரிய ஈயம் போன்ற உலோகம் என்று விரித்தால் பொருள் சரியாகவே விழுகிறது. சேர்ந்தபின் அந்தச் சொல் கப்பலேறிவிட்டது. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதைத் ‘தூத்தநாக’ என்றார்கள். ஆங்கிலேயர் ‘தூத்தநாக்’ என்று வாலை நறுக்கினார்கள். கன்ரன் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சீன நாகக் கட்டிகளின் வணிகப்பெயர் அது. 1745 செப்டெம்பரில் சீனாவிலிருந்து திரும்பிய ‘யோத்தபோரி’ என்ற சுவீடன் கப்பல் சொந்தத் துறைமுக வாசலிலேயே பாறையில் மோதித் தாண்டது. தேயிலையும் பீங்கானும் பட்டும் போக, அதன் அடிவயிற்றில் கிடந்தவை இந்தத் தூத்தநாகக் கட்டிகள். பிற்காலத்தில் எடுத்துச் சோதித்தபோது ஏறத்தாழ 99 சதவீதம் தூய நாகம். ஐரோப்பாவில் பிரிஸ்ரலைச் சேர்ந்த வில்லியம் சம்பியன் நாகம் வடிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியதே 1738 இல்தான்.

போன இடத்தில் சொல் கொஞ்சம் கெட்டும் போனது. செம்பும் நிக்கலும் நாகமும் கலந்த சீன வெள்ளைச் செம்பையும் ஆங்கிலேய வணிகர் அதே பெயரால் அழைத்தார்கள். அந்தப் பெயரில் மெழுகுதிரித் தண்டுகள்கூட விற்றன. 1886 இல் வெளிவந்த ‘ஹொப்சன்-ஜொப்சன்’ அகராதி இந்தக் குழப்பத்தை ஒரு பதிவுக்குள் பிடித்து வைத்திருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்திய மொழிகளில் ஊறியவர். பின்னர் செருமானிய வழிவந்த ‘சிங்க்’ என்ற சொல் ஐரோப்பாவில் நிலைத்தது. தூத்தநாக் பழைய கப்பல் சீட்டுகளோடு ஒதுங்கியது. தமிழ்நாட்டிலோ முழுப்பெயர் அப்படியே நின்றது.

யாழ்ப்பாணத்தில் பெயரிடும் வேலை அச்சுக்கூடத்தில் சூடுபிடித்தது. 1842 இல் மானிப்பாய் அமெரிக்க மிசன் அச்சகத்திலிருந்து யாழ்ப்பாண அகராதி வந்தது. 1847 இல் இங்கே வந்து இறங்கிய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலைமருத்துவம் படிப்பித்தவர். அவருடைய முயற்சியில் 1875 இல் ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் வெளிவந்தது. ‘இரசாயனம்’ கையில் இருக்கும்போது ‘கெமிஸ்தம்’ எதற்கு என்று இன்றைக்குக் கேட்கலாம். புதுத் துறைக்குப் புதுப்பெயர் வேண்டும், பழைய இரசவாதத்தின் வாடை அடிக்கக் கூடாது என்ற கவலை அந்தக் காலத்தில் நியாயமானது. அதே சமயம் உலோகங்களுக்கு வைத்தியரும் கன்னாரும் வைத்திருந்த பெயர்களைத் தூக்கியெறிந்தால் படிப்பவனுக்கு ஒரு பிடியும் இராது. இந்த இழுபறி பிறகும் தீரவில்லை. யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்த மயில்வாகனனார், சுவாமி விபுலானந்தராகி 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1950களின் நடுப்பகுதியிலிருந்து இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட, இரு கரைச் சொற்களும் பிரிந்து நடந்தன. ‘நாகம்’ இங்கே வென்றதற்கு என் ஊகம் எளியது: சேர்மானம் செய்யச் சின்னப்பெயர் வசதி. நாகவொட்சைட்டு என்று வாய் தடுக்காமல் சொல்லலாம்.

ஆனால் பாடநூலுக்கு வெளியே, வீட்டிலும் வளவிலும் ஒருவரும் நாகம் என்று சொல்வதில்லை. அங்கே அதன் பெயர் தகரம்.

தகரம் பழந்தமிழில் ஒரு வாசனை மரம். கூந்தலுக்குப் பூசும் சாந்து. பிறகு எப்படியோ அது வெள்ளீயத்தின் பெயராயிற்று. பிறகு வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டின் பெயர். அதன்பின் நாகம் பூசிய கூரைத் தகட்டின் பெயர். தகரக் கொட்டில், தகரப் படலை, தகரப் பந்தல் என்று எங்கேயும் தகரம். பெரும்பங்கு இரும்பாக இருக்கும் ஒரு பொருளை, மேலே ஒட்டியிருக்கிற மயிரிழைப் பூச்சின் பெயரால், அதுவும் தவறான பூச்சின் பெயரால் அழைக்கிறோம். இடப்பெயர்வுக் காலங்களில் தறப்பாளுக்கு அடுத்தபடி மனிதரைக் காத்தது இந்தத் தகரம்தான். மீளக் குடியேறிய எத்தனையோ குடும்பங்களின் முதற்கூரை அது. வடமராட்சிக் கரையில் வாடைக்காற்று உப்பைக் கொண்டுவந்து அப்ப, சில வருடத்தில் ஆணி அடித்த இடத்தைச் சுற்றிச் சிவக்கத் தொடங்கும்.

பெயர்களில் இன்னொன்று ‘கல்வனைசு’. இலங்கைப் பாடநூலில் ‘கல்வனைசுப்படுத்தல்’. தவளைக் காலில் மின்சாரம் கண்ட இத்தாலியர் லூயிஜி கல்வானியின் பெயர் அது. அவர் பிறந்தது 1737. சரியாக நூறாண்டு கழித்து, 1837 இல், பிரெஞ்சுக்காரர் சொரெல் உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றபோது கல்வானியின் பெயரைச் சூட்டினார். தோய்ப்பதற்கு மின்சாரமே தேவையில்லை. வெறும் 450 பாகைத் தொட்டி. இருந்தும் பெயர் பொய்யில்லை. நாகத்தின் நியம மின்வாய் அழுத்தம் மறை 0.76 வோற்று, இரும்பினுடையது மறை 0.44. இரண்டும் தொட்டுக்கொண்டு உப்பீரத்தில் நனைந்தால் ஒரு சிறு மின்கலம் உண்டாகும். அதில் கரைவது நாகம், தப்புவது இரும்பு. பூச்சில் கீறல் விழுந்தாலும் பக்கத்து நாகம் கரைந்து கீறலைக் காக்கும். பெயின்ற் இதைச் செய்யாது. மீன்பிடி வள்ளத்தின் வெளியிணைப்பு இயந்திரத்தில், சுழலிக்குப் பக்கத்தில் பூட்டியிருக்கும் நாகத் துண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது தேய்ந்துபோனால் இயந்திரம் தேயத் தொடங்கும்.

தோய்ப்பதில் ஒரு இடைஞ்சல் உண்டு. பொருள் தொட்டிக்குள் அடங்க வேண்டும். கட்டிமுடித்த பாலத்தையோ கடல்நீர் அடிக்கும் மதகுக் கதவையோ எந்தத் தொட்டியில் தோய்ப்பது? பொருள் நாகத்திடம் வர முடியாவிட்டால் நாகம் பொருளிடம் போக வேண்டும். சூரிச்சைச் சேர்ந்த மாக்ஸ் உல்ரிக் சூப் 1910 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த வழியைக் கண்டார். பிள்ளைகள் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட ஈயக் குண்டுகள் சுவரில் தட்டையாக ஒட்டியதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததென்று ஒரு கதை உண்டு. கண்டுபிடிப்பாளர் எல்லாருக்கும் இப்படி ஒரு கதை வாய்த்துவிடுகிறது. எவ்வளவு நம்புவது என்பது வாசிப்பவர் விருப்பம். அவர் செய்த கைத்துப்பாக்கி உண்மை. பின்னால் உலோகக் கம்பி உள்ளே போகும். முன்னால் ஒட்சிசனும் எரிவாயுவும் சேர்ந்த சுவாலை நுனியை உருக்கும். அழுத்தக் காற்று அந்த உருகலைத் துளிதுளியாகச் சிதறி இரும்பை நோக்கி எறியும்.

அந்தத் துளி இரும்பில் விழும் விதம் முக்கியம். வளவுச் சுவரில் ஓங்கி அறைந்த சாணி வறட்டியாய்ப் பரந்து ஒட்டிக்கொள்கிறதே, அப்படித்தான். ஒன்றின் மேல் ஒன்றாக ஆயிரமாயிரம் வில்லைகள் படிந்து பூச்சாகின்றன. கீழே உள்ள இரும்போடு உருகிக் கலப்பதில்லை; அதன் சொரசொரப்பைக் கௌவிக்கொள்கின்றன. ஆகவே முதலில் இரும்பை மணியுருக்களால் அறைந்து துருநீக்கிச் சொரசொரப்பாக்காவிட்டால் பூச்சு பொருக்காக உரிந்துவிடும். வில்லைகளுக்கு இடையே நுண்துளைகள் இருக்கும். அவற்றை அடைக்க மேலே ஒரு மெல்லிய அடைப்புப் பூச்சு வேண்டும். அமெரிக்க வெல்டிங் சங்கம் 1953 இல் கடலோரங்களில் தொங்கவிட்ட தகடுகளைப் பத்தொன்பது ஆண்டு பார்த்து, 1974 இல் அறிக்கை வெளியிட்டது. கடல்நீரில் அடைப்பில்லாத நாகப்பூச்சு இரும்பைக் காக்க 0.3 மில்லிமீற்றராவது தடிக்க வேண்டியிருந்தது. அலுமினியம் அதில் பாதிக்கும் குறைந்த தடிப்பிலேயே தாக்குப்பிடித்தது. நாகமும் அலுமினியமும் 85க்கு 15 என்று கலந்த கம்பி இப்போது கடலோர வேலைகளில் புழங்குகிறது. சுவாலைக்குப் பதில் இரண்டு கம்பிகளுக்கு இடையே மின்வில்லைப் பாய்ச்சி உருக்குவது இன்னும் மலிவு.

தொழில் அதோடு நிற்கவில்லை. 10,000 பாகையைத் தாண்டும் பிளாசுமாச் சுவாலையில் சிர்க்கோனியாவையே உருக்கி விமான இயந்திர அலகுகளுக்கு வெப்பக் கவசம் போடுகிறார்கள். 1950களில் ஒவ்வொரு வெடிப்பாகத் துகளை எறியும் முறை வந்தது. அதன்பின் ஒலியைவிட வேகமாக எரிவாயுவைச் சீறவைத்துத் தங்குதன் காபைட்டை எறியும் முறை வந்தது. காபைட்டு மிகக் கடினம், ஆனால் நொருங்கும். கோபாற்று மெதுமை, ஆனால் பிடித்துவைக்கும். இரண்டையும் ஒரே துகளில் சேர்த்து அடித்தால் மணல் கலந்த நீரையும் தாங்கும் கூட்டுப்பூச்சு கிடைக்கும். எலும்பின் கனிமத்தை இடுப்பு மூட்டு உள்வைப்பின் மேல் அடித்து, உடம்பு அதைத் தன் எலும்பென்று ஏற்கச் செய்வதும் இதே கலைதான்.

ஊர்க் கராச்சில் ஜீ.ஐ. பைப்பை ஒட்டும்போது எழும் வெள்ளைப் புகையைப் பார்த்தவர்களுக்கு ஒரு விடயம். அது பஞ்சுபோல் மிதந்து பக்கத்து இரும்பில் படியும். அது நாகவொட்சைட்டு, மார்க்கோ போலோவின் தூத்தியா வேறொன்றும் இல்லை. கண்ணுக்கு நல்லதாக இருந்த அந்தப் புகை நெஞ்சுக்குள் போனால் இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். நாகம் விசிறும் தொழிலாளர் முகமூடி இல்லாமல் நிற்கக் கூடாது.

இனி அந்தக் கேள்வி: இந்தத் தொழிலுக்குத் தமிழில் என்ன பெயர்? சூப்பின் பெயர் பிரெஞ்சில் ‘சூப்பாச்’ என்றாகி, இன்றைக்கு மின்கொள்ளளவி செய்பவர்களிடையே உயிரோடிருக்கிறது. வீட்டுக் காற்றாடிக்குள் இருக்கும் படலக் கொள்ளளவியின் இரு நுனியிலும் நாகம் விசிறித்தான் கம்பியை ஒட்டுகிறார்கள். தமிழில் ‘முலாம்’ உண்டு. அரபி வழிவந்த அந்தச் சொல்லில் பொன்னென்று ஏமாற்றும் பூச்சின் வாடை போகாது, தவிர மின்முலாமுக்கு அது எழுதிக்கொடுத்தாயிற்று. ‘கலாய்’ ஈயம் பூசுவதற்குரியது. கலா என்ற துறைமுகத்திலிருந்து போன வெள்ளீயத்துக்கு அரபியர் வைத்த பெயர் அது, அந்தத் துறையை நம் கடாரம் என்றே பலர் கொள்கிறார்கள். அந்த வேலையில் துணியால் துடைத்துத்தான் பூச்சுப் பரவும்; எறிவது கிடையாது. ‘வெப்பத் தெளிப்பு’ என்று நூல்களில் எழுதுகிறார்கள். தெளிப்பது முற்றத்துக்குச் சாணித் தண்ணீர். மெல்லப் போய் விழும்.

வலிகாமத்துத் தோட்டக்காரர் மிளகாய்க்கு மருந்து தெளிப்பதில்லை, அடிப்பார்கள். கராச்சில் பெயின்ற் அடிப்பார்கள், ஸ்பிறே அடிப்பார்கள். அந்த ‘அடி’யில் வேகம் இருக்கிறது, மோதல் இருக்கிறது, துளியைத் தட்டையாக்கி ஒட்டவைப்பதும் அதுவே. ‘வெப்ப’ என்ற அடையைவிட இது நெடுநாள் நிற்கும். 1980களில் நோவோசிபீர்ஸ்க்கில் கண்டறிந்த குளிர்முறையில் துகள் உருகுவதே இல்லை. மோதும் வேகத்தாலேயே நசிந்து ஒட்டுகிறது. வெப்பம் போனபின்னும் மிஞ்சுவது அடிதான். எனவே நான் ‘நாகம் அடித்தல்’ என்றே எழுதப்போகிறேன். பாம்பு நினைவுக்கு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

கடலோரத்தில் வீடு கட்டுபவருக்கும் இந்தச் சொற்பிரிவு உதவும். கடையில் ‘கல்வனைசு’ என்ற ஒரே பெயரில் மூன்று பொருள் கிடக்கும். மின்முலாம் இட்ட ஆணியில் நாகம் 10 மைக்குறோமீற்றர் அளவில்தான். சதுர மீற்றருக்கு 275 கிராம் நாகம் என்று குறித்த கூரைத் தகட்டில் இரு பக்கமும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு, பக்கத்துக்கு ஏறத்தாழ 20. தொட்டியில் தோய்த்த தடித்த இரும்பில் 50 முதல் 100. நாகம் அடித்த இரும்பில் 100 முதல் 300 வரை போகும். முலாமா, தோய்த்ததா, அடித்ததா என்று கேட்டுவிட்டே காசை எண்ண வேண்டும்.